தனியார் மௌனம்

எங்கள் நாயின் பெயர் வக்கீல். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கும் என்பதால் என் மனைவி வைத்த பெயர். அது குரைக்கும் என்பது உண்மைதான், நான் ஒருநாளும் மறுத்ததில்லை. எதற்காகக் குரைக்கிறது என்பதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள் என்றுதான் இரண்டு மாதம் மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை வைத்து என்னைப் பொல்லாதவன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது என் மனைவியின் காதைப் பாதி எடுத்துக்கொண்டு போய்விட்டது. மெல்லிய கீச்சுச் சத்தங்கள் இனி கேட்காது, தடித்த சத்தங்கள் ஓரளவு கேட்கும் என்றார் டாக்டர். அழைப்பு மணி, கெட்டில் விசில், டெலிபோன், என் குரல் எல்லாம் கேட்காத பட்டியலில் சேர்ந்தன. காதில் மாட்டும் மிஷின் ஒன்று வாங்கிப் பார்த்தோம். நாள் முழுக்க யாரோ தகரத்தைச் சுரண்டுவதுபோல் இருக்கிறது என்று ஒரே வாரத்தில் அதை டிராயருக்குள் போட்டுவிட்டாள். எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே ஒரு எழுத்து விடாமல் புரிந்துகொள்வாள். முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் நான் அந்த வீட்டிலேயே இல்லாதவன்.

வக்கீலின் குரைப்பு மட்டும் அவளிடம் போய்ச் சேர்ந்தது. கனத்த தொண்டை அதற்கு. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதுவே ஒரு முறையை வைத்துக்கொண்டது. வாசல் மணி அடித்தால் அவள் எதிரில் வந்து இரண்டு குரைப்பு. கெட்டில் விசிலடித்தால் சமையலறை வாசலில் நின்று ஒன்று. குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோனால், அவள் எழுந்து வரும்வரை விடாது. வீட்டிலேயே ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். ஒருநாள் சூடான இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். குளியலறைக் கதவைப் பிறாண்டிப் பிறாண்டி வக்கீல் குரைத்ததால்தான் எங்கள் வீடு இன்னும் வீடாக இருக்கிறது. நான் லிஃப்ட் மெக்கானிக். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் சாயந்திரம்தான் திரும்புவேன். நடுவில் அவளுக்குக் காது அந்த நாய்தான்.

எங்களுக்கு நேர் மேல்மாடியில் குடியிருந்தவர், குரைப்பு ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவர். வக்கீல் குரைக்கும்போதெல்லாம் இறங்கி வந்து எங்கள் வீட்டு மணியை அடிப்பார். மணி அடித்ததால் வக்கீல் இரண்டு முறை குரைக்கும். கதவு திறந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, மேலே கேட்டது ஒன்று, இங்கே வந்தபின் கேட்டது இரண்டு, ஆக மூன்று என்று நேரம் போட்டு எழுதிக்கொள்வார். நீங்கள் மணியை அடிக்காமல் இருந்தால் அந்த இரண்டு குறையுமே என்று ஒருமுறை பணிவாகச் சொன்னேன். புகார் கொடுக்க வரும் அதிகாரி கதவைத் தட்டக் கூடாது, மணியைத்தான் அடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம்.

அவருக்கு ஒரு பழக்கம். வாயைத் திறக்கும் முன் வலது கை ஆள்காட்டி விரல் மேலே போய்விடும். என் மூக்குக்கு நேரே அதை நிறுத்தி, “ஒண்ணே ஒண்ணு சொல்றேன்” என்பார். ஒன்றோடு ஒருநாளும் நிறுத்தியதில்லை. எனக்கும் ஒரு பழக்கம். ஓடுகிற எதைப் பார்த்தாலும் இது எந்த பட்டனில் ஓடுகிறது என்று பார்ப்பேன். இந்த ஆள் அந்த விரலில் ஓடுகிறார் என்பதை அன்றே மனசில் குறித்துக்கொண்டேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது.

அந்த மாதக் கடைசியில் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வாரியத்தில் பயிற்சி தொடங்கிய அறுபது நாளுக்குள் மௌனச் சான்றிதழ் வாங்காவிட்டால், நாய் அமைதி இல்லத்துக்கு அனுப்பப்படும். அமைதி இல்லம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே போய்த் திரும்பி வந்த நாயை யாரும் பார்த்ததில்லை. அதன் கீழே பொடி எழுத்தில் விதி பதினான்கு இருந்தது: குரைக்கும் பிராணியும் அதைக் குரைக்கத் தூண்டுகிற நபரும் ஒரே குற்றம் செய்தவராகக் கருதப்படுவர், இருவரும் தனித்தனியே சான்றிதழ் பெற வேண்டும். அதற்கு எதிரே, தூண்டிய நபர் என்ற இடத்தில், ‘வீட்டுக்காரரின் மனைவி’ என்று எழுதியிருந்தது. அவளுக்குக் காது கேட்டால் நாய் குரைக்காது அல்லவா, ஆகவே தூண்டியவள் அவள்.

வக்கீலை இழுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனேன். ஆறு மாடிக் கட்டிடம். கவுன்டரில் இருந்த அம்மாள் நான்கு பக்கப் படிவம் கொடுத்தார். நாயின் தகப்பன் பெயர், நாயின் முந்தைய தொழில், குரைப்பின் நோக்கம் இவற்றையெல்லாம் நிரப்பிக் கொடுத்தேன். நோக்கம் என்ற இடத்தில் மனைவியின் காதைப் பற்றி விவரமாக எழுதியிருந்தேன். கட்டத்துக்கு வெளியே எழுத்து போகிறது என்று அதை மட்டும் அடித்துவிட்டார். பிறகு நாய் குரைக்கும் என்பதற்கு ஆதாரம் கேட்டார். உங்கள் ஆபீஸ் ஒட்டிய நோட்டீஸ்தான் ஆதாரம் என்று நீட்டினேன்.

“அது புகார்ப் பிரிவு அனுப்பினது. இது பயிற்சிப் பிரிவு. அவங்க நம்பினா நாங்களும் நம்பணும்னு எங்கயாவது இருக்கா?” என்றார் அந்த அம்மாள்.

ஆகவே வக்கீலுக்குக் குரைப்புச் சோதனை நடந்தது. ஓர் அதிகாரி அதன் எதிரில் நின்று முகத்தைக் கோணல்மாணலாக ஆக்கிக் காட்டினார். ஒரு பியூன் திருடனைப்போலப் பதுங்கி வந்தார். இன்னொருவர் பழைய தகர டப்பாவைத் தட்டினார். வக்கீல் உட்கார்ந்து எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்தது, வாயைத் திறக்கவில்லை. ‘குரைக்கவில்லை, பயிற்சிக்குத் தகுதியற்றது’ என்று எழுதினார் அதிகாரி. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்படியானால் அதையே மௌனச் சான்றிதழில் எழுதிக் கொடுங்கள், நாங்கள் வீட்டுக்குப் போகிறோம் என்றேன். பயிற்சி பெறாமல் குரைக்காமல் இருப்பதற்குப் பெயர் மௌனம் இல்லை, சும்மா இருப்பது என்று அவர் பொறுமையாக விளக்கினார். குரைத்தால்தான் பயிற்சி, பயிற்சி இருந்தால்தான் சான்றிதழ், சான்றிதழ் இல்லாவிட்டால் அமைதி இல்லம். மண்டை காய்ந்துபோய் நின்றேன். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு மணி அடித்தது. வக்கீல் துள்ளி எழுந்து என் மனைவியைத் தேடியது. அவள் இல்லாததால் கவுன்டர் அம்மாளின் எதிரில் போய் நின்று, இரண்டு முறை குரைத்து, மணி அடிக்கிறது என்று தெரிவித்தது. எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

நாய்க்கு வழி பிறந்தது. மனைவிக்கு மறுவாரம் வரச் சொன்னார்கள்.

அந்த அறையை நான் மறக்க மாட்டேன். நடுவில் ஒரு நாற்காலி. அதில் அவளைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்தார்கள். பின்னால் மேஜையில் தலைவரும் இரண்டு அதிகாரிகளும். ஒருவர் மணியை எடுத்து அவள் தலைக்குப் பின்னால் ஆட்டினார். அவள் அசையவில்லை. இன்னொருவர் விசில் ஊதினார். அசையவில்லை. தலைவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அப்புறம் வேறு ஏதோ பெயர் வைத்தும் கூப்பிட்டார். அந்தப் பெயரைக் கேட்டு மற்ற இருவரும் சிரித்தார்கள். நூற்றுக்கு நூறு போட்டார்கள். அவள் திரும்பி அவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று தெரியாமல் தானும் கொஞ்சம் சிரித்தாள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் விஷயத்தை எடுத்துச் சொன்னேன். அந்த நாய் குரைக்காவிட்டால் இவளுக்கு வாசலில் யார் வந்தாலும் தெரியாது, அடுப்பில் என்ன நடந்தாலும் தெரியாது என்றேன். தலைவரின் விரல் மேலே போனது.

“ஒண்ணே ஒண்ணு சொல்றேன். காது கேக்காதவங்களுக்குச் சத்தம் எதுக்கு? நாங்க முப்பது வருஷமா இந்த ஜனங்களுக்கு எந்த அமைதியக் கொடுக்கணும்னு பாடுபடறோமோ, அத உங்க மனைவி செலவே இல்லாம அடைஞ்சிருக்காங்க. அவங்கதான் எங்க லட்சியக் குடிமகள். எல்லாரும் இப்படி ஆயிட்டா எங்களுக்கு வேலையே இருக்காது. ஆனா வாரியம் இருக்கும்.”

சொல்லிவிட்டு, வரப்போகும் மௌன தின விழாவில் அவளுக்கு ‘ஆண்டின் அமைதிக் குடிமகள்’ விருது கொடுப்பதாக அங்கேயே முடிவும் செய்தார். வெளியே வந்ததும் அவள், “ஏங்க எல்லாரும் சிரிச்சாங்க?” என்று கேட்டாள். நீ பாஸ் ஆகிவிட்டாய் என்று சந்தோஷம் என்றேன். அன்று பஸ்ஸில் வரும்போது, இந்த ஆளை விடக் கூடாது என்று முடிவு செய்தேன். நல்லவன் என்று பெயர் எடுப்பதில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச ஆசையும் அன்றோடு போயிற்று.

பயிற்சி தொடங்கியது. கட்டிடத்தின் பின்புறம் பெரிய கூடம், நாற்பது நாய்கள், ஒரு பயிற்சியாளர். நல்ல மனிதர், பாவம். இருபத்தாறு வருட சர்வீஸ். முதல் நாள் அவர் சிவப்புக் கொடியை உயர்த்தி நாய்களைக் குரைக்கச் சொன்னார். குரைத்த நாய்க்குப் பிஸ்கட். நான் தவறான வகுப்புக்கு வந்துவிட்டேன் என்று எழுந்தேன். இல்லை, இதுதான் முறை என்றார். சொன்னால் குரைக்கிற நாயால்தான் சொன்னால் நிறுத்த முடியும். முதல் பாகம் குரைப்பு, முப்பது நாள். இரண்டாம் பாகம் நிறுத்தம், முப்பது நாள். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் பட்டது. லிஃப்டிலும் ஓட்டுகிற சுவிட்சைச் சோதித்துவிட்டுத்தான் நிறுத்துகிற சுவிட்சைச் சோதிப்போம்.

முப்பது நாளில் நாற்பது நாய்களும் தேறிவிட்டன. கொடி ஏறினால் கூடத்தின் ஜன்னல் கண்ணாடி அதிரும். அதுவரை வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அதுவும் குரைப்புச் சோதனையில் மட்டும் குரைத்திருந்த ஒரு கிழட்டு நாயும் கற்றுக்கொண்டது. முப்பத்தோராம் நாள் எல்லோரும் இரண்டாம் பாகத்துக்குத் தயாராக உட்கார்ந்தோம். பயிற்சியாளர் மறுபடியும் சிவப்புக் கொடியை எடுத்தார்.

“குரைக்க வைக்கறதுக்குத்தான் என்னை வேலைக்கு எடுத்தாங்க. நிறுத்தறதுக்கு வேற போஸ்ட். அது காலியாகி ஒம்போது வருஷம் ஆச்சு, ஃபைல் மேல இருக்கு. அதுவரைக்கும் முதல் பாகத்தையே ரெண்டு தடவை நடத்தச் சொல்லி ஆர்டர். ரெண்டாவது தடவை நல்லா மனசுல பதியும்” என்றார்.

பரீட்சையில் எந்தப் பாகம் கேட்பார்கள் என்றேன். இரண்டாம் பாகம்தான் என்றார். ஒன்பது வருடமாக எத்தனை நாய் பாஸ் ஆனது என்று கேட்டேன். அவர் கொடியைச் சுருட்டி வைத்துக்கொண்டு, முதல் பாகத்தில் நூற்றுக்கு நூறு என்றார்.

ஓட்டுகிற சுவிட்ச் மட்டும் உள்ள லிஃப்டில் நாற்பது நாய்களை ஏற்றி வருடாவருடம் அமைதி இல்லத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதில் இந்த வருடம் என் மனைவியின் காதும் போகப்போகிறது. மேலும் ஒரு விஷயம் அன்று தெரிந்தது. வருடாவருடம் மௌன தின விழாவில் அந்தந்த வருடத்து நாற்பது நாய்களையும் மேடைக்கு எதிரில் வரிசையாக உட்காரவைப்பார்களாம். கொடி ஏறாதவரை அவை பிஸ்கட்டை எதிர்பார்த்துச் சும்மா உட்கார்ந்திருக்கும். அதைப் புகைப்படம் எடுத்து, வாரியத்தின் சாதனை என்று போட்டுக்கொள்வார்கள். இந்த வருடம் விழாவுக்கு ஆய்வுக்குழு வருகிறது. குழுவின் தலைவி திருப்திப்பட்டால் வாரியம் ஆணையம் ஆகிவிடும், தலைவருக்கு இன்னும் ஐந்து வருடம் பதவி நீளும்.

அன்று பயிற்சியாளர் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை கொடியைத் தூக்கித் தூக்கி மூட்டு வலி. இருபத்தாறு வருடம் இந்தக் கூடத்தில் இருந்தும் அவர் தலைவரின் மேடைப் பேச்சைக் கேட்டதில்லை, விழாவில் காதில் பஞ்சோடு மேடைக்கு முதுகைக் காட்டி நாய்களையே பார்த்துக்கொண்டு நிற்பார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. நான் மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

“கொடி எதுக்கு சார்? ஒரு விரலத் தூக்கினா போதாதா? நாய்க்கு என்ன தெரியப்போகுது.”

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு காலமாக யாரும் தன் தோளைப் பற்றி யோசித்ததில்லை என்றார். நானும் அவர் தோளைப் பற்றி யோசிக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். சைகை மாற்றத்துக்குத் தலைவரின் அனுமதி வேண்டும் என்றார். வேண்டும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். ‘சிவப்புக் கொடிக்குப் பதிலாக உயர்த்தப்பட்ட வலது ஆள்காட்டி விரல்’ என்று ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். ஆறாவது மாடியிலிருந்து மூன்றே நாளில் கையெழுத்தாகித் திரும்பி வந்தது. வாரிய வரலாற்றிலேயே அவ்வளவு வேகமாகத் திரும்பிய ஃபைல் இல்லையாம். படித்துப் பார்த்திருந்தால் தாமதமாகியிருக்கும்.

அடுத்த இருபத்துமூன்று நாள், விரல் உயர்ந்தால் குரைப்பு, குரைத்தால் பிஸ்கட். நாற்பது நாய்களும் விரலுக்காக உயிரை விடும் நிலைக்கு வந்தன.

வீட்டில் நானும் மனைவியும் இரண்டாம் பாகத்தை நடத்தினோம். விரலை மடக்கிக் கையை மூடினால் வாயை மூட வேண்டும், மூடினால் பிஸ்கட். அவளுக்கு என் திட்டம் எதுவும் தெரியாது. நாயைக் காப்பாற்ற வேண்டும் என்பது மட்டும் தெரியும். தையல் மிஷினை நிறுத்திவிட்டு மணிக்கணக்காக அதன் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒன்பது வருடமாக வாரியத்தால் நடத்த முடியாத பாகத்தை ஒன்பது நாளில் முடித்தாள். மணிக்கும் கெட்டிலுக்கும் வழக்கம்போல் குரைப்பு, அவள் கை மூடியதும் நிறுத்தம். ஆசையாக வாரியத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். கவுன்டர் அம்மாள் பார்த்தார், அதிகாரியைக் கூப்பிட்டார், அவரும் பார்த்தார். அவர் முகத்தில் நிஜமாகவே அனுதாபம் இருந்தது.

“இது வெளியில கத்துக்கிட்டது. தனியார் மௌனம். செல்லாதுங்க” என்றார்.

மனைவி அவர் உதட்டைப் படித்துவிட்டாள். வீடு வந்ததும் நாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று நாள் பொறு என்று மட்டும் சொன்னேன்.

விழா அறுபது நாளில் ஐம்பத்தெட்டாம் நாள், காலை பத்து மணிக்கு. கூடம் நிறையக் கூட்டம். முன்வரிசையில் என் மனைவி, ஆண்டின் அமைதிக் குடிமகள், மேஜையில் அவளுக்காக ஒரு கேடயம். பக்கத்தில் நான். மேடைக்குக் கீழே நாற்பது நாய்கள் ஒரே வரிசையில், இரண்டு நாய்க்கு ஒருவராகப் பின்னால் பிஸ்கட் டப்பாவோடு ஊழியர்கள். குரைத்த மூன்று நொடிக்குள் பிஸ்கட் கொடுக்காத ஊழியருக்கு மெமோ என்று விதி. மேடையில் ஆய்வுக்குழுத் தலைவி, வெள்ளை முடி, மூக்குக்கண்ணாடி, சிரிக்காத முகம். நாய்களின் அமைதியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டார்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். முதலில் கையில் காகிதம் இருந்ததால் விரல் கீழேயே இருந்தது. வாரியம் தோன்றிய நாளிலிருந்து இந்த ஊரில் குரைப்பு எப்படிப் படிப்படியாகக் குறைந்தது என்று பத்து நிமிடம் வாசித்தார். எனக்கு வியர்த்துவிட்டது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

“ஒண்ணே ஒண்ணு சொல்றேன்” என்று விரலை உயர்த்தினார்.

நாற்பது நாய்களும் குரைத்தன. ஊழியர்கள் உடனே ஓடிப்போய்ப் பிஸ்கட் கொடுத்தார்கள். தலைவர் திகைத்து, சத்தம் போடாதீர்கள் என்று விரலை ஆட்டினார். நாற்பதும் மறுபடி குரைத்தன, மறுபடி பிஸ்கட். பயிற்சியாளரை விரலால் சுட்டிக் கூப்பிட்டார். குரைப்பு, பிஸ்கட். கீழே இறங்கி வந்து ஒவ்வொரு நாயையும் தனித்தனியாக விரல் நீட்டி அதட்டினார். கொடிக்காக இருபத்தாறு வருடம் உழைத்த பயிற்சியாளர், தன் மாணவர்கள் முதல் தடவையாக இவ்வளவு ஒழுங்காகக் குரைப்பதைப் பார்த்து நெகிழ்ந்துபோய் நின்றார். நிறுத்துங்கள் என்று தலைவர் கத்தினார். அது என் போஸ்ட் இல்லையே சார் என்றார் அவர். ஊரைக் கண்ணில் விரல் விட்டு ஆட்டிய மனிதருக்கு, தன் விரலை மட்டும் மடக்கத் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு இனிப்பான காலை என் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை.

என் மனைவி என் கையைப் பிடித்தாள். “எனக்கு நல்லாக் கேக்குதுங்க” என்றாள். மூன்று வருடத்தில் அவள் முழுதாகக் கேட்ட முதல் விழா அது. பிறகு வரிசையில் வக்கீலைப் பார்த்தாள். அது குரைத்துக்கொண்டே அவளைப் பார்த்தது. மடியில் இருந்த கையை அவள் மூடினாள். வக்கீல் வாயை மூடிக்கொண்டது. முப்பத்தொன்பது நாய்களுக்கு நடுவில் அது மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தது. தலைவர் அதன் மூக்குக்கு நேரே விரலை நீட்டிய போதும் திறக்கவில்லை, பிஸ்கட் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆய்வுக்குழுத் தலைவி மேடையிலிருந்து இறங்கி வந்தார். இந்த ஒரு நாய் மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். ஓர் அதிகாரி குனிந்து, அது தனியார் மௌனம் அம்மா, கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

“அப்ப வாரியத்தோட மௌனம் எது?” என்று கேட்டார் அவர்.

அதிகாரி சற்று யோசித்து, மற்ற முப்பத்தொன்பதையும் காட்டினார். காட்டியது விரலால் என்பதால் அவருடைய விளக்கம் யாருக்கும் கேட்கவில்லை.

பிறகு தலைவி விதிப்புத்தகம் கேட்டார், ஃபைலும் கேட்டார். சைகை மாற்றத்துக்குக் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் வாரியத்தை மூடிவிடுவார் என்று நான் நினைத்திருந்தேன். அப்படிச் செய்யவில்லை, அவரும் ஒரு குழுவின் தலைவிதானே. விதிப்படி நடக்கச் சொன்னார், அவ்வளவுதான். குரைக்காத நாய்க்குச் சான்றிதழ். அதில் தலைவரே அங்கேயே கையெழுத்துப் போட்டார், விரல்கள் மடங்கியபடி. மற்ற நாய்கள் முழுப்பயிற்சி முடியும்வரை அவரவர் வீட்டில் இருக்கலாம் என்று ஆணை, அந்தப் போஸ்ட் இன்னும் காலி என்பதால் அவை ஆயுசுக்கும் வீட்டில்தான். கடைசியாக விதி பதினான்கு. நாற்பது நாய்களைக் குரைக்கத் தூண்டிய நபர், சான்றிதழ் வாங்கும்வரை பதவியில் உட்கார முடியாது. அறுபது நாள் அவர் சத்தமின்றி இருந்தார் என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். கீழ்வீடு ஒன்றுதான் அவருக்குப் பக்கத்து வீடு.

நேற்று அவருக்கு அறுபதாம் நாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். காலை பத்தேகாலுக்கு மணி அடித்தது. வக்கீல் என் மனைவி எதிரில் போய் இரண்டு முறை குரைத்தது. அவள் கையை மூடிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். தலைவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் படிவம், இன்னொரு கை பேன்ட் பைக்குள். இந்த இரண்டு மாதமாக அந்தக் கை வெளியே வந்து நான் பார்க்கவில்லை. மிக மெல்லிய குரலில், ஒரு கையெழுத்து வேண்டும் என்றார்.

எதிரில் நின்று பேசினால் அவள் ஒரு எழுத்து விடமாட்டாள் என்று முன்பே சொன்னேன். அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வாரம்தான், அந்தப் பரீட்சை அறையில் முதுகுக்குப் பின்னால் எதற்காகச் சிரித்தார்கள் என்பதை, அவளைக் கூப்பிட்ட அந்தப் பெயரோடு சேர்த்து, நான் அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் கேட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டாள்.

இப்போது அவர் உதட்டை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார். எனக்குக் காது கேக்காது.”

அவர் என்னைப் பார்த்தார். நான் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். அவர் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னார். இன்னும் கொஞ்சம் என்றாள் அவள். இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். கேட்கவில்லை என்று வருத்தத்தோடு தலையாட்டினாள். அவர் முகம் சிவந்தது, கை பைக்குள் துடித்தது. கடைசியில் மாடிப்படி எதிரொலிக்கக் கத்தினார், விரலும் வெளியே வந்துவிட்டது. வக்கீல் அவள் காலடியில் உட்கார்ந்து அந்த விரலைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியபடி இருந்தது.

நான் நேரம் போட்டு எழுதினேன். காலை பத்து பதினேழு. மேல்மாடி. ஒன்று.